விலங்கியல் இல்லாத பார்சல்

என் மகள் டாக்டரானதற்கு நான் முதலில் நன்றி சொல்ல வேண்டியது யாழ்ப்பாணத்திலிருந்த என் அக்காவின் மகனுக்கு. அவனுக்கு நான் செய்தது வேறு.

பல்கலைக்கழகத்துக்கு மாவட்ட வாரியாகப் பிள்ளைகளை எடுத்த காலம். யாழ்ப்பாணத்தில் போதாத புள்ளிகளுக்கு நான் குடியிருந்த மாத்தளையில் இடம் கிடைக்கும். ஆனால் சில வருடங்களாவது இங்கே படித்திருக்க வேண்டும். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்த நான் அந்த முறையைத் திட்டாத நாளில்லை. அதை நம்பித்தான் மகளை மருத்துவப் பீடத்துக்கு அனுப்பத் திட்டமிட்டிருந்தேன். மகனையும் இங்கே சேர்க்கலாமா என்று அக்கா கேட்டபோது, இருக்கிற கொஞ்ச இடங்களில் ஒன்றை அந்தக் கெட்டிக்காரன் கொண்டுபோய்விடுவான் என்று பயந்தேன்.

நாடு இருக்கிற நிலையில் வயதுப் பொடியனைச் சிங்கள ஊரில் வைத்திருப்பது ஆபத்து என்று சொல்லி மறுத்தேன். என் மகள் இங்கேதான் இருந்தாள். அக்கா அதை யோசிக்கவில்லை. தம்பிக்கு எவ்வளவு அக்கறை என்று ஊரெல்லாம் சொன்னாளாம்.

உயர்தர வகுப்பில் மகளின் பள்ளிக்கூடத்தில் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லை. பௌதிகவியலுக்கு இருந்தவரும் மாற்றலாகிப் போனார். அதைக் கேள்விப்பட்ட அக்கா, ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் பார்சல் கொடுத்தனுப்பினாள். அவள் மகன் தன் டியூஷன் நோட்ஸை எங்களுக்காக இன்னொரு முறை எழுதியிருந்தான். நான் புரட்டிப் பார்த்துவிட்டு, தாவரவியலும் விலங்கியலும் எங்கே, அதை மட்டும் ஒளித்துவிட்டானா என்றேன்.

மாத்தளைப் பேச்சிலேயே வளர்ந்த மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மச்சான் மெத்ஸ் படிக்கிறாரு அப்பா, எஞ்சினியரிங் போறதுக்கு. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. நான் கேட்கவேயில்லை. அவன் வந்திருந்தாலும் என் மகளின் இடத்தைத் தொட்டிருக்க மாட்டான். ஆனால் இனி அவனை அழைத்துப் பயனில்லை, காலம் கடந்துவிட்டது.

அந்த நோட்ஸைப் படித்து மகள் மருத்துவப் பீடத்துக்குப் போனாள். அவனுக்கு எஞ்சினியரிங் சில புள்ளிகளில் தவறியது. மாத்தளையில் அவன் எடுத்த புள்ளிகள் தாராளமாகப் போதும். அவன் கணித ஆசிரியரானான்.

அக்கா இறந்தபின் ஒருநாள் அவன் வந்திருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மாட்டச் சொல்லாமல் விட்டது நல்லம், மாமா. கடைசிமட்டும் உங்களைப் பெருமையாத்தான் கதைச்சவ."

பிறகு, டாக்டர் மச்சாளிடம் பிரஷர் பார்க்க வேண்டும் என்று எழுந்தான். ஆஸ்பத்திரிவரை நானும் கூடவே நடந்தேன். ஏற்றத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.