தாடிக்காரர்கள் பார்த்த கல்யாணம்

யூதர்களின் இத்திஷ் மொழியில் நாடகம் போடும் எங்கள் குழுவில் மிண்டல் எப்போதும் மணப்பெண்ணின் தாய். ருமேனியாவில் தொடங்கி இஸ்ரேலின் யாஃபா வரைக்கும் எத்தனையோ மகள்களை அழுது அழுது கட்டிக்கொடுத்தவள்; தனக்கு மட்டும் ஒருவனும் வாய்க்கவில்லை. கேட்டால், "அடுத்தவ கல்யாணத்துக்கு அழவே நேரம் பத்தல" என்பாள். ஐம்பதைத் தாண்டியும் மாப்பிள்ளை வேஷத்தை விடாத ஃபைவிஷுக்கு இருபது வருடமாக அவள்தான் மேடை மாமியார்.

எங்கள் பழைய நாடகம் ஒன்றை எபிரேயத்தில் பாட்டும் கூத்துமாகப் படம் எடுக்க வந்தான் அவ்னர் என்கிற பொடியன். வசனத்தை மொழிபெயர்த்தவன் நான் என்பதால், படப்பிடிப்பு முழுக்க நானும் கூடவே இருந்தேன். கல்யாணக் காட்சியன்று நாயகிக்குக் காய்ச்சல். அவள் இல்லாமல் நாயகனும் வரவில்லை. முகத்திரைக்குள் யார் நின்றால் என்ன என்று மிண்டலுக்கு வெள்ளை உடையை மாட்டினார்கள். மாப்பிள்ளையின் முதுகாக ஃபைவிஷ் நின்றான். கல்யாணச் சாட்சிகளின் ஒட்டுத்தாடிகள் வெயிலில் வழிந்ததால், அசல் தாடியோடு இரண்டு பக்திமான்களைப் பிடித்து வந்திருந்தார்கள். அவர்களுக்குச் சினிமா பாவம்தான், ஆனால் மதியச் சாப்பாடு உண்டே.

மேடையில் எங்களுக்கு ஒரு வழக்கம். மோதிரம் போடும் மாப்பிள்ளை மந்திரத்தை முழுதாகச் சொல்லமாட்டான், பாதியில் இருமிவிடுவான். இரண்டு சாட்சிகள் முன்னால் முழுதும் சொல்லிச் சொந்த மோதிரத்தைப் போட்டுவிட்டால், எங்கள் மதச் சட்டப்படி அப்புறம் அது நாடகமில்லை, கல்யாணம்.

அன்று ஃபைவிஷ் இருமவில்லை. தாடிகள் இரண்டும் நேராக மதகுருவான ரபியிடம் ஓடிவிட்டன. மறுநாள் எங்கள் எல்லோரையும் அவர் கூப்பிட்டுவிட்டார்.

"மோதிரம் யாரோடது?"

"கம்பெனியோடதுங்க" என்று அவ்னர் பையிலிருந்து எடுத்துக் காட்டினான்.

"அப்ப அந்தம்மா விரல்ல இருக்கறது?"

ஃபைவிஷ் தொப்பியைக் கசக்கினான். "எங்கம்மாவோடது. எனக்குக் குடுத்துட்டுப் போனா."

"அடப்பாவி! ஏன்யா நீ இருமல?" என்றாள் மிண்டல்.

"இருபது வருஷமா இருமிட்டேன் மிண்டல். தொண்டை வலிக்குது."

ரபி பெருமூச்சு விட்டார். "அம்மா, நடிப்புதான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இத்தோட விட்டுடலாம்."

அவ்னர் வேகமாகத் தலையாட்டினான். ஃபைவிஷின் முகம் வெளுத்தது.

"முதல் தடவை நடிப்புதான், ரபி" என்றாள் மிண்டல். "கம்பெனி மோதிரத்தைக் கழட்டிட்டு மறுபடி எடுத்தாங்க. பாதியில கேமராக்காரர், பிலிம் தீந்துபோச்சு நிறுத்துங்கன்னு கத்தினார். இந்த ஆளு நிறுத்தல. முதல்லேருந்து முழுசாச் சொன்னான்."

"அவர் கத்தினது உங்களுக்குக் கேக்கலையா?"

"அந்த மனுசன் கத்தினா ஹைஃபா வரைக்கும் கேக்கும்."

"அப்புறம்?"

"விரலை நீட்டினேன்."

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இனிமே மேடையில இவனுக்கு வேற மாமியார் பாத்துக்கங்க."