லெஸ்லியின் கடுகு ஜாடி

இங்கிலாந்தின் டர்ஹமில் எங்கள் சுரங்க ஊரின் அந்த வருஷத் தோட்டக் கண்காட்சியில் என் தம்பி லெஸ்லி ஜெயித்தவை: வெங்காயத்துக்கு இரண்டாம் பரிசு, லீக் என்கிற தடித்த வெங்காயத்தாளுக்கு முதல் பரிசு, பதினொரு பெண்களை முந்திச் சிறு ஜாடி மலர் அலங்காரத்துக்கு முதல் பரிசு. அவன் நிலக்கரி வெட்டுகிறவன். எழுதத் தெரியாததால் படிவங்களில் நான்தான் அவன் பெயரைப் போடுவேன்.

அந்த அலங்காரத்துக்காக, நவம்பர் உறைபனிக்குத் தப்பிய மூன்று செவ்வந்தியையும் ரோஜாச் செடியில் பழுத்த இரண்டு சிவப்புக் காயையும் காலியான கடுகு விழுது ஜாடியில் வைத்துக் கொண்டுவந்தான்.

"இது உங்க அக்கா வேலைதானே?" என்றார் கண்காட்சிச் செயலாளர் திருமதி பிளாக்கெட். "சொந்தக் கையால வைக்கலேன்னா சேர்க்க முடியாது."

"அக்காவா? அவ மேசையில கரண்டி வெச்சாலே கோணலா இருக்கும்மா."

எல்லாவற்றையும் உருவி எடுத்தான். தடித்த விரல்களால் அவர் கண்ணெதிரே ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தான். முன்பைவிட நன்றாகவே அமைந்தது.

"சரி, படிவத்துல கையெழுத்துப் போடுங்க."

வழக்கம்போல நான் பேனாவை எடுத்தேன்.

"குடுக்கா. இதையும் நானே போடறேன்."

தோட்டத்தில் செடிப்பெயர் எழுதும் குச்சிகளில் எனக்குத் தெரியாமல் பழகியிருக்கிறான். லெஸ்லி ஹெஸ்லப் என்று ஓர் எழுத்தும் விடாமல் எழுதினான். அன்று 1958 நவம்பர் 8, சனிக்கிழமை.