முதல் சனிக்கிழமைச் சித்தி

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு மேற்கே இருந்த மிஷன் வளாகத்தில், பெண்பிள்ளைகள் போர்டிங்குக்கு நான் பதினோரு வருடம் வார்டனாக இருந்தேன். எனக்கு முதலில் கை நீளும், பிறகுதான் வாய் திறக்கும் என்று பிள்ளைகள் சொல்லுவார்கள். பொய்யில்லை. முப்பது பெண்கள், பன்னிரண்டிலிருந்து பதினேழு வயது வரை. விடிந்ததும் மணி, ஜெபம், கேழ்வரகுக் கூழ், பேன் சோதனை. முதல் முறை பேன் கிடைத்தால் மண்ணெண்ணெய், இரண்டாம் முறை கிடைத்தால் கத்திரிக்கோல். முடி போனதற்கு எவளாவது அழுதால் அன்று அவளுக்குக் கூழ் கிடையாது. கடம்பத்தூரில் என் சொந்த அம்மா என்னை அப்படித்தான் வளர்த்தாள், நான் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை என்று அப்போது நம்பினேன்.

மிஷனை நடத்தியவர் கடல் தாண்டி வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள். எல்லோருக்கும் அவர் மிஸ்ஸியம்மா. நல்லவர். அவர் நல்லவராகவே இருப்பதற்காகத்தான் என்னைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். தமிழை வேதப் புத்தகத்திலிருந்து கற்றவர் என்பதால், முகம் வாடியிருக்கும் பெண்ணிடம் போய், "குழந்தாய், நீ ஏன் விசனமாயிருக்கிறாய்?" என்று கேட்பார். அது விழித்துக்கொண்டு நிற்கும். நான் பின்னாலிருந்து, "இன்னாடி, மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற?" என்று மொழிபெயர்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வயது வந்த பெண்களுக்கு அவர் தனிக் கூட்டம் நடத்துவார். கற்பு, சுத்தம், பொய் சொல்லாமை. அதையும் வரிக்கு வரி தமிழில் சொன்னது நான்தான். பொய் சொல்லாமையை என்னைவிட நன்றாக யாரும் மொழிபெயர்த்திருக்க முடியாது.

ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் அட்டை உண்டு. ஒரு மூலையில் படம், அருகில் வயது, படிப்பு, குடும்ப நிலை. அந்த அட்டை கப்பலில் போகும். அங்கே ஏதோ ஒரு சர்ச்சில் ஒரு சீமாட்டி அதை எடுத்துக்கொண்டால், அவள் அந்தப் பெண்ணுக்குச் சீமை அத்தை. படிப்பு முடியும் வரை சாப்பாட்டுக்கும் துணிக்கும் அவள் பொறுப்பு. யாரும் எடுக்காமல் திரும்பி வந்த அட்டைக்காரி வருடக் கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் போய்ச் சேரவேண்டும். எந்த அட்டை திரும்பும், எது திரும்பாது என்று எனக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. தாய் தகப்பன் இரண்டு பேரும் இல்லாதவளை உடனே எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் இருந்தால்கூட இழுபறிதான்.

மிஸ்ஸியம்மா ஓய்வுக்கு ஊருக்குப் போயிருந்த ஒரு வருடம், ஆரம்பாக்கத்திலிருந்து ஒருத்தி தன் மகளைக் கொண்டுவந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். இவள் நாற்று நடுகிற கூலிக்காரி. மகளுக்குப் பதின்மூன்று வயது. என் மேஜை மேல் கிடந்த இங்கிலீஷ் பத்திரிகையைத் தலைகீழாக இருந்தபடியே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் பெண்ணை விட மனமில்லை. உள்ளதைச் சொன்னேன். நீ உயிரோடு இருக்கிறாய் என்று எழுதினால் உன் மகளை யாரும் எடுக்க மாட்டார்கள் என்றேன்.

அவள் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "எய்திக்கோம்மா. நான் செத்தவளாவே இருந்துக்கினு போறேன். ஆனா ஒண்ணு. அவ படிச்சி முடிக்கற அன்னிக்கு எல்லார் எதுர்லயும் என்னை அம்மான்னு கூப்புடணும். அதுக்கு நீதான் ஜவாப்பு."

சத்தியம் செய்வது பாவம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடம் அது. அதனால் சத்தியம் செய்யாமல், சரி என்று மட்டும் சொன்னேன். அவள் கைநாட்டு வைத்தாள். தாய் இல்லை என்று நான் எழுதிய வரிக்குக் கீழே, தாயின் கட்டைவிரல். பாதுகாவலர், சித்தி என்று பக்கத்தில் எழுதினேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை பார்வையாளர் நாள். அவள் தவறாமல் வருவாள். ரயிலுக்கு வழியில்லாத மாதங்களில் தண்டவாளத்தை ஒட்டியே நடந்து வருவாள். முந்தானையில் பனங்கிழங்கோ வேகவைத்த வேர்க்கடலையோ இருக்கும். முதல் சனிக்கிழமையே அந்தப் பெண் "அம்மா" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடியது. மிஸ்ஸியம்மா திரும்பி வருவதற்கு இன்னும் இரண்டு வாரம்தான். பிடித்து இழுத்துவந்து உள்ளங்கையில் ரூல் தடியால் இரண்டு வைத்தேன். யார் வந்திருக்கிறது என்று கேட்டேன். அம்மா என்றது. இன்னும் இரண்டு வைத்தேன். மறுபடி கேட்டேன், மறுபடியும் அதையே சொன்னது. பிடிவாதக்காரி. என் கை வலித்ததே தவிர அதன் வாய் மாறவில்லை.

தாய்க்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் என் கையைத் தொட்டாள். "அடிக்காதம்மா. நானே அதுக்குச் சொல்லிக் குடுக்கறேன்" என்றாள்.

மகளைத் தன் எதிரில் உட்கார வைத்து, சிவந்து போன கையை மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லு, சித்தி" என்றாள். அது தலையை ஆட்டியது. "சொல்லுடி என் கண்ணு, சித்தி." அரை மணி நேரம் ஆயிற்று. சொல்லிவிட்டது. அவள் முந்தானையை அவிழ்த்துக் கிழங்கை எடுத்துக் கொடுத்தாள். நல்ல பாடம் படித்தால் நல்ல தின்பண்டம் என்பது போல. நான் நிம்மதியாகப் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது, இன்றைக்கு அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அட்டை போன வேகத்தில் அதற்கு ஒரு சீமை அத்தை கிடைத்தாள். மாதம் ஒரு கடிதம் எழுதவேண்டும். சீமை அத்தைக்கு எல்லாம் தெரிய வேண்டியிருந்தது. உன் அம்மா எப்படி இறந்தாள், கடைசியில் என்ன சொன்னாள் என்று கேட்டு எழுதினாள். மழைக்காலத்தில் ஜுரம், ஏழாம் நாள் நினைவு தப்பியது, கடைசியாக மகளின் தலையில் கை வைத்து ஜெபித்தாள் என்று நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதியது. பிறகு சொல்லவே வேண்டியதில்லை. அதுவாகவே ஒரு கை விளக்கையும், ஒழுகும் கூரையையும், அம்மாவின் குளிர்ந்த காலையும் சேர்த்துக்கொண்டது. படித்தபோது நானே அதை நம்பிவிட்டேன். பலே என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

எழுத்து அவ்வளவு நன்றாக இருந்திருக்கக் கூடாது. பெண் பத்தாவது படிக்கும்போது, சீமை அத்தை நேரில் வருவதாகத் தந்தி வந்தது. அந்தத் தாயின் கல்லறையில் மலர் வைக்க விரும்புகிறாளாம்.

அவள் வந்து சேர மூன்றே நாள். சர்ச்சுக்குப் பின்னால் இருந்த கல்லறைத் தோட்டத்தில் பாதிக்கு மேல் வேலிகாத்தான் முள். அதற்குள், யாருடையது என்று எவருக்கும் தெரியாத ஒரு மண்மேடு இருந்தது. அதைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும், அந்த ஆள் வெளியே வாய் திறக்கவும் கூடாது. அப்படி ஒருத்தியைத்தான் எனக்குத் தெரியும். ஆரம்பாக்கத்துக்குச் சொல்லியனுப்பினேன். கத்தியும் மண்வெட்டியுமாக வந்து, முள்ளை வெட்டிக் குவித்து, மேட்டை ஈரமண்ணால் மெழுகி, சுற்றிலும் சுண்ணாம்புக் கல் அடுக்கினாள். கைகளெல்லாம் கீறல். வேலை முடிந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இது யார்துமா?" என்று கேட்டாள்.

"உன்னுது" என்றேன்.

அவள் எழுந்து நின்று தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை பார்த்தாள். "கொஞ்சம் நீட்டா கீதே. நான் அவ்ளோ ஒசரம் இல்லியே" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள் என்றுதான் இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

சீமை அத்தை தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாக வந்தாள். வயதானவள், ஈரக் கண்கள். மேட்டின் மேல் மலரை வைத்துவிட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெண்ணும் அழுதது. எழுத்தில் அழவைக்கத் தெரிந்தவள்தானே, நடிக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். அதன் பார்வை கல்லறை மேல் இல்லை. முள் குவியலுக்குப் பக்கத்தில், கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றவள் மேல் இருந்தது. யார் அது என்று சீமை அத்தை கேட்டாள். "சித்தி" என்றார் மிஸ்ஸியம்மா. உடனே போய் அந்தக் கீறல் விழுந்த கையைப் பிடித்துக்கொண்டு சீமை அத்தை ஏதோ சொல்ல, மிஸ்ஸியம்மா தன் தமிழில் சொன்னார்: "உன் சகோதரி பரலோகத்திலிருந்து உன்னைக் காண்கிறாள்."

"ஆமாம்மா. பாத்துக்கினுதான் கீறா" என்றாள் அவள்.

சீமை அத்தை ஊருக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை. கல்லறைக்குச் சலவைக்கல் வைக்க ஏற்பாடு செய்தாள். பெண்ணின் பிறந்தநாள் தோறும் அதற்கு மாலை போட வேண்டும் என்று எனக்கு எழுதினாள். கல் வந்தது. அடுத்த முதல் சனிக்கிழமை தாய்க்காரி மகளைக் கூட்டிக்கொண்டு போய் அதைப் படிக்கச் சொன்னாள். மகள் தட்டுத்தடங்கல் இல்லாமல் படித்தது. அவள் எழுத்துகளை விரலால் தடவிவிட்டு, பேர் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை கேட்டாள். தன் பெயர் எழுதியிருந்து அவள் பார்த்தது அந்த ஒரு இடத்தில்தான்.

பள்ளிப் படிப்பு முடிந்து பிள்ளைகளை வழியனுப்பும் நாள் வந்தது. புதுவாயலில் வாங்கிய புதுப் புடவையும் எண்ணெய் வைத்து வாரிய தலையுமாக அவள் விடிந்ததுமே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். எதற்கு வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று காலைதான் மிஸ்ஸியம்மாவுக்குக் கடிதம் வந்திருந்தது. சீமை அத்தை பெண்ணை நர்ஸ் படிப்புக்கு அனுப்புகிறாள். மெட்ராஸைத் தாண்டி ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, விண்ணப்பத்திலும் தாய் இல்லை. நான் மரத்தடிக்குப் போய், இன்னும் மூன்று வருடம் பொறுத்துக்கொள், இப்போது சொன்னால் எல்லாம் பாழ் என்றேன். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் சரி செய்துகொண்டு சரி என்றாள்.

அப்போது மகள் கழுத்தில் மாலையோடு வந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சித்தி, சாப்ட்டு போ" என்றது. நான் கண் காட்டவில்லை, மிரட்டவில்லை. தானாக வந்தது. அவள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

இரண்டு வருடம் போயிற்று. தொழிற்சாலைகளுக்காக நிலத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடவு வேலை குறைந்து, ஆரம்பாக்கத்துப் பெண்கள் கட்டட வேலைக்கு வந்தார்கள். ஒரு மத்தியானம் அவள் ஜல்லிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, சும்மாட்டைக் கையில் பிடித்தபடி நிழலில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. அவள் தம்பி என்னிடம் வந்து சொன்னான். மகள் படிக்கிற ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. மறுநாள் முதல் ரயிலில் நானே போனேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெண்ணைக் கூப்பிட்டு விட்டார்கள். வெள்ளை உடுப்பு, தலையில் குல்லா. பக்கத்தில் அவர்களுடைய மேட்ரன் நின்றார். ரயிலில் வழி நெடுக நான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை ஒன்று உண்டு. வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"உங்க சித்தி போயிட்டாங்க" என்றேன்.

மேட்ரன் இரக்கப்பட்டார். ஆனால் பரீட்சை நேரம், தாய் தகப்பன் சாவுக்கு மட்டும்தான் லீவு, சித்திக்கெல்லாம் விதி இடம் கொடுக்காது என்றார். பெண் என்னைப் பார்த்தது. ஒரு வார்த்தை போதும். அது சொன்னால் அதன் படிப்பு போகும், நான் சொன்னால் என் வேலையும் சேர்ந்து போகும். முப்பது பெண்களை நடுங்க வைத்த வாய் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. நான் கோழை. மற்றவர்களின் கையில் தடியால் அடிப்பதற்குத்தான் எனக்குத் தைரியம் இருந்தது.

கேட் வரைக்கும் என்னோடு வந்தது. அழவில்லை. மன்னித்துவிடு என்று நான் ஆரம்பித்தேன். அது நடுவில் நிறுத்தியது.

"இருக்கட்டும் டீச்சர். ஒருத்தி எத்தினி வாட்டிதான் சாவா? முதல் வாட்டியே நான் நல்லா எய்திட்டேன்."

அன்று மாலை ஆரம்பாக்கத்தில் அடக்கம். மகள் எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். லீவு கிடைக்கவில்லை என்றேன். அது உண்மைதான். மேட்டின் மேல் அவள் தம்பி ஒரு குச்சிச் சிலுவை நட்டான், மழையில் அது சாய்ந்துபோனது.

அடுத்த வாரம் பெண்ணின் பிறந்தநாள் வந்தது. சலவைக்கல்லைக் கழுவித் துடைத்து, சீமை அத்தை சொல்லியிருந்தபடி மாலை போட்டேன்.