சாமுண்டி மலையில் இரண்டு சின்ன கார்களும் ஒரு அவசரப் பூஜையும்

இருபத்திரண்டு வருஷம் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு கார் ஓட்டியாயிற்று. இனி எனக்கென்று ஒன்று வேண்டும், இரண்டே இருக்கை உள்ள சின்ன ஸ்போர்ட்ஸ் கார். அதற்காகத்தான் போன ஞாயிறு மைசூரில் சாமுண்டி மலை ஏறினேன். சரஸ்வதிபுரத்தில் ஒரு டாக்டர் தன்னிடம் இருக்கும் இரண்டில் ஒன்றை விற்கிறார். சிவப்போ வெள்ளி நிறமோ, எதுவானாலும் ஒன்பது லட்சம். "ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லும்மா," என்றார்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். உச்சிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர். கார் ஓட்டிப் பார்க்கப் போகும்போது யாராவது அம்மாவைக் கூட்டி வருவார்களா? என் கணவர் கூட்டி வருவார். அத்தை, பூஜைத் தட்டு, எலுமிச்சம்பழம் எல்லாவற்றோடும் எங்கள் வீட்டுக் காரில் பின்னாலேயே வந்தார்.

முதல் பாதி எனக்கு வெள்ளி, டாக்டர் சிவப்பில். வெள்ளி ஆட்டோமேட்டிக். இருக்கை சோபா மாதிரி. மிதித்தால் பறக்கிறது, ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. டயர் சாலையில்தான் இருக்கிறதா என்று இறங்கித்தான் பார்க்க வேண்டும். போதாததற்கு ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிப்பக்கம் தரையில் தேய்ந்தது.

நந்தி சிலைக்குப் பாதை பிரியும் இடத்தில் மாற்றிக்கொண்டோம். சிவப்பு ரொம்பப் பழசு. ஏசி பேருக்குத்தான். கிளட்ச் கனம், முழங்கால் வேறு இடித்தது. ஆனால் அந்த கியர் இருக்கிறதே! மணிக்கட்டை லேசாக அசைத்தால் சட்டென்று விழுகிறது. வளைவில் நான் நினைப்பதற்கும் வண்டி திரும்புவதற்கும் இடைவெளியே இல்லை. நாற்பது வேகத்திலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

மேலே போனதும் டாக்டரோடு காபி குடிக்கப் போனேன். அவ்வளவுதான். திரும்பி வந்தால் வெள்ளிக் காருக்கு மாலை, குங்குமம், நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம்! பூசாரி தேங்காயை உடைத்து, "ஆயித்து மேடம், பூஜே ஆயித்து," என்று தட்டை நீட்டினார்.

"யாரைக் கேட்டுப் பூஜை போட்டீங்க?"

"கூட்டம் சேர்றதுக்குள்ள முடிச்சுடலாம்னு பாத்தேன்," என்றார் கணவர். "நீ இதத்தான் எடுப்பேன்னு நெனச்சேன். உக்கார வசதியா இருக்கே."

ஓட்டப் போவது நான். வசதி பார்ப்பது இவர்! "எனக்குச் சிவப்புதான்," என்றேன்.

அத்தைக்குச் சொந்த ஊர் ராமாபுரம், ஊரே அம்மன் பக்தி. அம்மன் விஷயத்தில் இம்மியும் இறங்கி வரமாட்டார். "பூச போட்ட வண்டிய வேண்டாங்கறியே கண்ணு, அம்மன் மொகத்துல எப்படி முழிக்கறது?"

ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த ஒன்றையாவது நானே தேர்ந்தெடுக்கக் கூடாதா? "பூஜை டாக்டர் வண்டிக்குன்னு வெச்சுக்கோங்க அத்தை. அவருக்கும் நல்லது நடக்கட்டுமே," என்றேன். டாக்டர் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக் காரில் போய் உட்கார்ந்தார். கணவரும் தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

போகிறவர்களுக்கு: எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள், பிறகு நிறுத்த இடம் கிடைக்காது. தாழ்ந்த கார் என்றால் வேகத்தடையில் சாய்வாக ஏற்றுங்கள். எந்த வண்டி என்று முடிவாகும்வரை பூஜைச் சாமானை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், புண்ணியமாகப் போகும்.

இறங்கும்போது சிவப்பில் நான் மட்டும். பக்கத்திலிருந்தோ பின்னாலிருந்தோ யாரும் "மெதுவாப் போ" என்று சொல்லாமல் நான் கார் ஓட்டியது அன்றுதான். மெதுவாகத்தான் போனேன்.