என் பன்றிகளின் ரத்தத்தில் படித்த பெட்டி

வாளையார்ப் பக்கம் பாறைக்கு வெடி வைத்துக் கிணறு எடுத்தவன் நான். முள்ளுக்காட்டைச் சாய்த்துப் பன்றிக் கொட்டகை போட்டவன் நான். ஊர்க்காரர்கள் நாற்றம் என்று கல்லெறிந்தார்கள். அதே கல்லைத் திருப்பி எறிந்தேன். மூணாங்கிளாசோடு நின்றவன் கட்டியது இத்தனையும்.

ஆராய்ச்சி செய்யும் பொண்ணு ஒருத்தி சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டியோடு வந்தாள். ஒரு சொட்டு ரத்தம் விட்டால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கிருமியின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று டீ ஆறுவதற்குள் சொல்லுமாம்.

"ஆனா அதுக்கு இன்னும் பழக்கம் பத்தாதுங்க. நெறைய ரத்தத்தப் பாத்தாத்தான் நல்லது எது, கெட்டது எதுன்னு அதுவாக் கத்துக்கும்" என்றாள்.

ஒவ்வொரு பன்றியாக வாயில் கயிறு மாட்டி, மண்ணில் தள்ளி, முழங்காலை ஊன்றிப் பிடித்துக் கொடுத்தேன். ஒன்று என் சுண்டுவிரல் நுனியைக் கடித்துத் துப்பியது. துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்ததைப் பிடித்தேன்.

எங்கள் பக்கம் கடாப் பன்றி என்னிடம் மட்டும்தான். இணை சேர்க்க மற்றவர்கள் வண்டியில் ஏற்றிப் போய்த் திருப்பி விடுவார்கள். அப்படி ஒரு சுற்றுப் போய் வந்த கடாவின் ரத்தத்தில் கிருமி என்றது பெட்டி. கடாவோ ராஜா மாதிரி நின்று தீனி மென்றது. அடுத்த கொட்டகைக்காரன் அதை ஏற்றிப் போக வந்துவிட்டான். தர மாட்டேன் என்றேன்.

"ஏனுங்க மாமா, பொட்டி சொன்னா ஊட்டுக்காரியையும் தள்ளி வெச்சுருவீங்களோ?"

"இது வந்தா உன்ற பன்னி ஒண்ணு தங்காதுடா."

கேட்காமல் கயிற்றை இழுத்தான். மண்வெட்டிக் காம்பால் அவன் வாயில் போட்டேன். பல் தெறித்தது. அவன் ஒரு கையால் என் கழுத்தை நெரித்தான். அப்போதும் மறு கை கயிற்றை விடவில்லை. வேறு வழியில்லை. அவனை உதறிவிட்டு, கோடாலியின் பின்பக்கத்தைக் கடாவின் நெற்றியில் இறக்கினேன். அது சாகாமல் சுவரை இடித்துக்கொண்டு ஓடியது. விரட்டி விரட்டி அடித்துச் சாய்த்தேன். "ரத்தம் சிந்தக் கூடாதுங்க, கிருமி பரவும்!" என்று கத்திக்கொண்டே அந்தப் பொண்ணு சுண்ணாம்பைக் கொட்டினாள்.

பின்னால் வந்த அரசாங்க ரிசல்ட்டும் பெட்டி சொன்னதையே சொன்னது. சட்டப்படி என் கொட்டகையில் ஒன்று விடாமல் கொன்று குழியில் தள்ளினார்கள். அலறல் அடங்கும் வரை அங்கேயே நின்றேன். பல் போனவனின் பன்றிகளைச் சோதித்தார்கள். ஒன்றுக்கும் கிருமி இல்லை.

பெட்டிக்கு விழா எடுத்தார்கள். மேடையில் படித்தவர்கள் பேரையெல்லாம் வாசித்தார்கள். என் பன்றிகளை 'மாதிரிகள்' என்றார்கள். அந்த மாதிரிகளுக்குத் தீனி போட்டவன் யார், பிடித்தவன் யார், பெட்டியை நம்பி முதல் அடி அடித்தவன் யார்? என் பேரைப் போடுங்கள். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் வேண்டாம். பெட்டியைச் செய்தவர்கள் வரிசையில் போடுங்கள்.