எனக்கு அடிக்காத ஷாக்

கொச்சங்காடியில் எங்கள் வீட்டு முன்னறையில் சாயங்காலம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் ட்யூஷன் எடுக்கிறேன். பின்கட்டில் இரண்டு பெரிய கிரைண்டர்கள் ஓடும். தோசைமாவு அரைத்து ஜூ டவுன் வரைக்கும் உள்ள கடைகளுக்குக் கொடுக்கிறோம். அரைப்பது நான் அல்ல, தேனிப் பக்கத்திலிருந்து கணவரோடு பிழைக்க வந்த ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள், என்னைவிட இரண்டு மடங்கு வேலை செய்கிறவள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் அவள் வந்து, "அக்கா, இந்த கிரைண்டரைத் தொட்டா சுள்ளுன்னு இழுக்குதுக்கா" என்றாள். நான் போய் அதன் இரும்பு உடம்பில் உள்ளங்கையை அழுத்தி வைத்தேன். ஒன்றுமே இல்லை.

"நான் தொட்டு நோக்கியாச்சு. வெறுதே பயப்படாதே" என்றேன், என் மலையாளம் கலந்த தமிழில்.

மூன்று நாள் கழித்து மறுபடி சொன்னாள். மறுபடி தொட்டேன், மறுபடி ஒன்றுமில்லை. எனக்குக் கோபம் சட்டென்று வரும். "உனக்கு மட்டும் எந்தா அப்படி? கரண்ட் என்ன ஆள் பார்த்தா அடிக்கும்? நான் படிச்சது ஃபிசிக்ஸாக்கும்" என்று கத்திவிட்டேன். அதன்பிறகு அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் மாவைத் தள்ளிவிட அவள் விளிம்பைப் பிடித்தே ஆக வேண்டும். எங்கிருந்தோ ஒரு பழைய தேயிலைப் பெட்டிப் பலகையைக் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் நின்று அரைத்தாள். பூஞ்சை பிடித்து நாறுகிறது என்று அந்தப் பலகையைத் தூக்கி எறிந்ததும் நான்தான்.

அது போதாதென்று இன்னொன்றும் செய்திருந்தேன். எங்காவது மின்கசிவு இருந்தால் தானாக விழும் பாதுகாப்பு ஸ்விட்ச் ஒன்று வீட்டில் உண்டு. மழை தொடங்கியதும் அது அடிக்கடி விழுந்து, மாவு பாதி அரைபட்ட நிலையில் நின்றுபோனது. எலக்ட்ரீசியனிடம் மல்லுக்கு நின்று, அதை ஒதுக்கிவிட்டு நேராக இணைக்க வைத்தேன்.

ஒரு சாயங்காலம் ஓம் விதி நடத்திக்கொண்டிருந்தேன். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். பிள்ளைகள் கொட்டாவி விட்டதால் நானே ஒரு கணக்கைக் கட்டினேன். ரப்பர் செருப்பு போட்ட ஒருவர் நூறு வோல்ட் ஏறிய இரும்பைத் தொடுகிறார். செருப்போடு சேர்த்து அவருடைய மின்தடை பத்து லட்சம் ஓம். அப்படியானால் பாய்வது ஒரு மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு. "அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது" என்றேன். பிறகு கணக்கின் இரண்டாம் பகுதியை எழுதினேன். அதே இரும்பை இன்னொருவர் ஈரக் கையோடு, வெறுங்காலில், ஈரத்தரையில் நின்று தொட்டால்?

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. குனிந்து என் காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு. மாவு அரைக்கிற இடத்தில் செருப்பு கூடாது என்பது நான் போட்ட சட்டம். குதிகால் வலிக்காக எனக்கு மட்டும் விலக்கு. அவளுடைய செருப்பு எப்போதும் வாசற்படிக்கு வெளியே கிடக்கும். ஆள் பார்த்துத்தான் அடித்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் மெயினை அணைத்தேன். அவளை எட்டி நிற்கச் சொல்லிவிட்டு மறுபடி போட்டு, மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஈரத்தரையில் கிடத்திய எவர்சில்வர் தட்டில் ஒரு முனை, கிரைண்டரின் உடம்பில் இன்னொரு முனை. தொண்ணூறு வோல்ட் காட்டியது.

அங்கேயே ஒரு மாவு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். லேசான ஈரத்தில் அவளுடைய மின்தடை முப்பதாயிரம் ஓம் என்றால் மூன்று மில்லி ஆம்பியர் பாயும். அதுதான் அந்தச் சுள்ளென்ற இழுப்பு. நன்றாக நனைந்த ஒரு நாளில் அது இரண்டாயிரம் ஓமாக இறங்கினால் நாற்பத்தைந்து. பிடித்த கையை விட வராது, இதயமும் நின்றுபோகலாம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கித் திறனையும் பார்த்தேன். நான்கு வாட்தான். எங்கள் வீட்டு நைட் லாம்புக்கே ஐந்து வாட் வேண்டும். ஒரு ஆளைக் கொல்ல அதைவிடக் குறைவே போதும். நான் அவளைக் கொல்லப் பார்த்திருக்கிறேன், அதுவும் ஃபிசிக்ஸ் படித்த திமிரில்.

மறுநாள் எலக்ட்ரீசியன் வந்தார். எர்த் கம்பி அறுந்திருந்தது. அதை மாற்றி, மோட்டாரைச் சரிசெய்து, ஒதுக்கிய ஸ்விட்சையும் திரும்ப இணைத்தார். மீட்டரில் சைபர். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். "நோக்கு, சைபர். இனி ஒண்ணும் வராது" என்றுதான் வாயில் வந்தது.

அவள் மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்த டப்பா கிடக்கட்டும். நீங்க செருப்பைக் கழட்டிட்டுத் தொடுங்கக்கா."

கழற்றினேன். தரை சில்லென்று காலில் ஒட்டியது. சைபரை எந்த மின்தடையால் வகுத்தாலும் சைபர்தான். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனாலும் கை நீளவில்லை. இரும்புக்கு ஒரு சாண் முன்னால் விரல்கள் நின்றன.

அவள் அவசரப்படுத்தவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குத் தினமும் இப்படித்தான்க்கா இருந்துச்சு."