தங்கமணி ஏறாத பஸ்

எங்கள் கம்பெனி பஸ்ஸில் நாற்பது பேர் வருகிறோம். யாருக்கு வாய் அதிகம் என்று கேட்டால் எல்லோரும் தங்கமணியைத்தான் காட்டுவார்கள். அவளும் பெருமையாகக் கை தூக்குவாள்.

ராதாபுரத்திலிருந்து ஓசூருக்கு வந்த புதிதில் அவள் அப்படி இல்லை. கணவனுக்கு வேறொரு கம்பெனியில் எதிர் ஷிப்ட். அவன் வீடு திரும்பும்போது இவள் கிளம்புவாள். வேலைக்குச் சேர்ந்த அன்று படிவத்தில் 'கணவர் தவிர உள்ளூரில் தெரிந்தவர்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டவள். பஸ்ஸில் கன்னடம் ஒரு பக்கம், தெலுங்கு ஒரு பக்கம். தமிழ் பேசுகிற எங்களுக்கும் அவளிடம் பேசத் தோன்றவில்லை. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நான்காம் மாதம் ஒருநாள் ஓடும் பஸ்ஸில் எழுந்து நின்றாள்.

"நாலு மாசமா ஒங்க கூடத்தான் வாரேன். எம்பேரு என்னன்னு ஒருத்தராவது கேட்டியளா?"

டிரைவர் நாராயணப்பன் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். கடைசி சீட்டிலிருந்து தொரப்பள்ளி செல்லியக்கா மெதுவாகக் கேட்டாள்: "சரிம்மா, உம்பேரு இன்னா?"

அதோடு எங்கள் நிம்மதி போயிற்று. யாராவது வரவில்லை என்றால் தங்கமணி போன் அடிப்பாள். எடுக்காவிட்டால் வீட்டுக்கே வந்து நிற்பாள். எனக்கு டெங்கு வந்தபோது, "நிகத், வாயத் தொற" என்று அதட்டிக் கஞ்சி ஊட்டியவள் அவள்தான். என் மாமியார்கூட அவள் குரலுக்குப் பயந்து ஒதுங்கி நின்றார்.

முதல் வருடத்தில் மூன்று முறை தாமதமானால் வேலை போய்விடும். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு ஆகியிருந்தது. அந்த முதல் வருடம் முடிய நான்கே நாள். மதிய ஷிப்டுக்கு பஸ் கிளம்பும் நேரத்தில் எனக்கு போன் வந்தது.

"எங்க வீட்டுக்காரரு காலையில வெளிக் கேட்ட மறந்து பூட்டிட்டுப் போயிட்டாரு. செவரேறிக் குதிச்சு வாரேன். நிக்கச் சொல்லு, நிகத்!"

நாராயணப்பன் நல்லவர்தான். ஆனால் இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றால் அவர் வேலைக்கு ஆபத்து. "இல்லம்மா, எடுக்கணும்" என்று கியர் போட்டார்.

செல்லியக்கா சோற்றுப்பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். எனக்குச் சட்டென்று புரிந்தது. ஒருத்தி மட்டும் பஸ்ஸை விட்டால் அவள் வேலைதான் போகும். எங்கள் ஒயரிங் லைனில் இருப்பதே தங்கமணியோடு பதினான்கு பேர். ஏழு பேர் வராவிட்டால் லைனே ஓடாது, கம்பெனியே வண்டி அனுப்பியாக வேண்டும். நானும் இறங்கினேன். பின்னாலேயே லைன்காரிகள் இன்னும் நான்கு பேர். பஸ் போய்விட்டது.

முழங்கால் சிராய்ப்போடு தங்கமணி ஓடிவந்தாள்.

"கூறு கெட்டவளுவளா, நீங்க ஏன்டி எறங்குனிய?"

திட்டிக்கொண்டே அழுதாள்.

இரண்டு மணி அடித்ததும் சூப்பர்வைசர் ஸ்ரீராம் போனில் கத்தினார். செல்லியக்கா அசரவில்லை.

"ஏழு பேரும் ஸ்டாப்புலதான் நிக்கறோம் சார். பஸ்ஸு போயிடுச்சு. வண்டி அனுப்புனா வரோம், இல்லன்னா வூட்டுக்குப் போறோம்."

வேன் வந்தது. கம்பெனி வண்டியில் வருகிறவர்களுக்குத் தாமதம் போட விதியில்லை. ஸ்ரீராம் முறைத்தார், நாங்கள் லைனை ஓட்டினோம்.

அடுத்த வாரம் தங்கமணி நிரந்தரமானாள். பழைய படிவத்தை மறுபடி நீட்டினார்கள். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் ஆறு பெயர்களை நுணுக்கி எழுதினாள். ஒன்று போதுமே என்றார் ஆபீசர்.

"ஒருத்தி பேர மட்டும் போட்டா மத்தவளுவ எங்கூடப் பேச மாட்டாளுவ சார்."

முதலில் இருப்பது என் பெயர். செல்லியக்கா அதற்காக இன்னும் என்னை முறைக்கிறாள்.